சமயப் பெயர் கூறாத அறச்சுவடி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் மதுக்கரைக்கு அண்மையிலுள்ள பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை எம் இல்லம் தேடி வந்தார். ஆசிரியப் பயிற்சியில் எம்மிடம் பயின்றவர். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர் கையில் கொடுப்பதற்கு 16 பக்க அளவில் ஓர் அறச்சுவடி எழுதித் தருமாறு வேண்டினார். அவர் விதித்த வரையறை ஒன்றே. எந்தக் கடவுளின் பெயரும் எந்தச் சமயத்தின் கொள்கையும் அதில் இடம்பெறலாகாது. அப்பள்ளியில் சைவ, வைணவக் குடும்பத்துப் பிள்ளைகளோடு கிறித்தவர், இசுலாமியர் வீட்டுப் பிள்ளைகளும், பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து குடியேறியோர் பிள்ளைகளும், பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தோர் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். கடவுள் இல்லை என்னும் பெற்றோரும் உளர். அனைவருக்கும் ஒரே சுவடி வேண்டும். எவர் மனமும் புண்படலாகாது. ஆயினும் அது பயன்பட வேண்டும்.

எளிய பணி என்றெண்ணி ஏற்றுக்கொண்டோம். அது எளிய பணியன்று என்பது பின்னரே விளங்கிற்று. அப்பணியில் யாம் கற்றவற்றை இங்கே பாடமாக எழுதுகின்றோம். நம் சமயத்தாருக்கான இதழில் சமயம் கூறாத சுவடியைப் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த ஊர்களிலும் பிற சமயத்தாரோடு உடனுறைந்து பணி செய்கின்றனர். நம் நெறியின் காரணத்தைப் பிறர் வினவும்போது ஆகம மொழியில் விடை கூறினால் அது கேட்போர்க்கு எட்டுவதில்லை. ஆகவே இது நமக்கும் உரிய பாடமே.

முதற்படி தவறியது

யாம் எழுதிய முதற்படியில் இருபது நற்பண்புகள் இருந்தன. வாய்மை, அன்பு, பொறுமை, நன்றியறிதல், நாட்டுப்பற்று எனப் பண்புக்கு ஒரு சிறு பகுதியும் அதற்கொரு கதையும் அமைத்தோம். ஆசிரியப் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதக் கற்பித்த கை அல்லவா. ஒவ்வொரு பகுதிக்கும் நோக்கம், விளைவு, மதிப்பீட்டு வினா எல்லாம் ஒழுங்காக இருந்தன. தலைமையாசிரியை அதனை ஒன்பதாம் வகுப்பில் படித்துக் காட்ட ஏற்பாடு செய்தார். யாமும் சென்று பின்வரிசையில் அமர்ந்திருந்தோம்.

வகுப்பு முடிந்ததும் கருத்துக் கூறுமாறு கேட்டபோது ஒரு மாணவி எழுந்து, "நல்லா இருக்குங்க டீச்சர். ஆனா இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானுங்க. நாளைக்கு என்ன செய்யோணும், எதைச் செய்யக்கூடாதுன்னு இதுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றாள்.

அச்சொல் எம்மைத் தைத்தது. அவள் கூறியது முற்றிலும் உண்மை. வாய்மை சிறந்தது என்பதை அறியாத பிள்ளை வகுப்பில் ஒருவரும் இல்லை. அறிந்ததை மீண்டும் அழகிய சொற்களில் கூறுதல் பாடம் ஆகாது. அப்படியை வீட்டிற்குக் கொணர்ந்து அலமாரியில் வைத்துவிட்டோம்.

பெயர் இல்லாமல் பரவிய நூல்கள்

இம்முயற்சியை அறிந்த எம் நாத்தனார், "நம் நெறியிலிருந்து எடுத்து, பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்தால், அது யாருடையது என்று நாளை யாருக்குத் தெரியும்?" என்று வருந்தினார். அவர் வருத்தம் பொருளற்றதன்று. தமிழகத்தில் எண்ணிக்கையிற் சிறுத்த சமுதாயம் நாம். நம் பெயரும் போய்விட்டால் என்ன எஞ்சும் என்னும் அச்சம் நம் முதியோர் அனைவரிடமும் உண்டு.

யாம் அவருக்கு நன்னூலைக் காட்டினோம். பவணந்தி முனிவர் சமண முனிவர். பெருந்துறைக்கு அண்மையிலுள்ள சீனாபுரத்தை அவர் ஊர் என்று நம் கொங்கு நாட்டார் வழங்குவர். அவர் செய்த இலக்கணத்திற்கு முதலில் உரை கண்ட மயிலைநாதர் சமணர். பின்னர் விரிவாக உரை எழுதிய சங்கரநமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவரும் சைவரே. திருமடங்களில் அந்நூலைப் பாடமாக ஓதினர். ஆக்கியோன் எச்சமயத்தான் என்பது அங்கே தடையாக நிற்கவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியன் இயல்பும் மாணாக்கன் இயல்பும் பேசப்படுகின்றன. ஆசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறுகின்றார். மாணாக்கருள் கடைப்பட்டோர்க்கு ஓட்டைக்குடத்தையும் நெய்யரியையும் காட்டுகின்றார். இவற்றை ஏற்க எவரும் சமயம் மாற வேண்டுவதில்லை. எம் பணிக்காலம் முழுதும் பயிற்சி மாணவியர்க்கு முதல் வகுப்பில் யாம் கற்பித்தது அப்பாயிரமே.

பதினெண்கீழ்க்கணக்கை நோக்கினும் இது விளங்கும். நாலடியார் சமண முனிவர் பலர் பாடிய தொகுதி. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு, காரியாசானின் சிறுபஞ்சமூலம், கணிமேதாவியாரின் ஏலாதி ஆகியவை நம்மவர் நூல்கள். இவற்றுள் பின்னவை இரண்டும் மருந்தின் பெயர் பூண்டவை. ஐந்து வேர் சேர்ந்தது ஒன்று. ஏலம் முதலாக ஆறு சரக்குச் சேர்ந்தது மற்றொன்று. மருந்து கொடுப்போர் நோயாளியின் சமயத்தைக் கேட்பதில்லை என்பதை அப்பெரியோர் பெயரிலேயே குறித்து வைத்தனர் போலும்.

திருக்குறளைப் பற்றி நம் இதழ் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது நம் ஆசாரியர் அருளியது என்பது நம் முன்னோர் மரபு; பிறர் தத்தமது என்பர். எல்லோரும் தமதென்று உரிமை கொண்டாடும் நூல் என்பதே அதன் பொதுமைக்குச் சான்று. 2016 ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் உள்ள 108 அதிகாரங்களை ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் கற்பிக்குமாறு அரசுக்கு அறிவுறுத்தியது. நல்ல செயல். ஆயினும் மனப்பாடப் பகுதியாகவும் மதிப்பெண்ணாகவும் மாறிய குறள் பிள்ளைகளின் கைக்கு வருவதில்லை, நாவோடு நின்றுவிடுகிறது. இது ஆசிரியராக எம் பட்டறிவு. குற்றம் நூலினுடையதன்று.

1949 இல் ஒரு முயற்சி

நூலாக அன்றி இயக்கமாகவே இப்பணியைச் செய்தவர் ஒருவர் நம் காலத்தில் இருந்தார். இராசசுத்தானத்து லாட்னூனில் 1914 இல் பிறந்து, 1936 இல் தம் 22 ஆம் வயதில் சுவேதாம்பர தேராபந்த் பிரிவின் ஒன்பதாம் ஆசாரியராக அமர்ந்த ஆசாரிய துளசி அவர்கள். நாம் திகம்பர மரபினர். வழிபாட்டிலும் துறவு நெறியிலும் அவர்க்கும் நமக்கும் வேறுபாடு பல. அவரிடம் கற்பதற்கு அது தடையன்று.

நாடு விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகூட நிறைவுறாத காலம். பிரிவினையின்போது சமயத்தின் பெயரால் சிந்திய இரத்தம் உலரவில்லை. காந்தியடிகள் கொல்லப்பட்டு ஓராண்டே கழிந்திருந்தது. உணவுப் பொருளுக்குப் பங்கீடு இருந்தமையால் கள்ளச்சந்தை பெருகிற்று. அவ்வேளையில், 1949 மார்ச்சுத் திங்களில், சர்தார்சகர் என்னும் ஊரில் அவர் அணுவிரதி சங்கத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் அணுவிரத இயக்கம் எனப் பெயர் பெற்றது. 1997 இல் அவர் மறையும் வரை அதன் வழிகாட்டியாக இருந்தார்.

அவர் செய்தது யாது? நம் சிராவகர்க்குரிய ஐந்து அணுவிரதங்களையும் சமயக் கட்டிலிருந்து விடுவித்து, எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய உறுதிமொழிகளாக எழுதினார். தம் சமயத்தை விட்டு வரவேண்டும் என்று கேட்கவில்லை. தம்மைக் குருவாக ஏற்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் சேரலாம். விரிவாக இருந்த விதிகள் காலப்போக்கில் 11 ஆகச் சுருங்கின. குற்றமற்ற உயிரை வேண்டுமென்றே கொல்லாமை, சாதியாலும் நிறத்தாலும் பிறரைத் தாழ்த்தாமை, வணிகத்தில் நேர்மை, தேர்தலில் முறைகேடு செய்யாமை, போதைப் பொருள் தவிர்த்தல், மரத்தையும் நீரையும் பேணுதல் ஆகியன அவற்றுட் சில. அவற்றிற்கு மேல் மாணவர், ஆசிரியர், வணிகர், அலுவலர் எனத் தொழில்தோறும் தனி உறுதிமொழிகள் உண்டு. மாணவனுக்குத் தேர்வில் முறைகேடு செய்யாமை. வணிகனுக்குக் கலப்படம் செய்யாமை, நிறை குறைக்காமை.

எம் கருத்தை ஒளிக்காமல் கூறுகின்றோம். அந்த 11 இல் உலக அமைதிக்கு முயல்வது போன்ற பெருஞ்சொற்கள் எம்மைக் கவரவில்லை. மதுக்கரையில் இருக்கும் பிள்ளை உலக அமைதிக்கு முயன்றானா இல்லையா என்பதை அவன் தானும் அறிய மாட்டான். தேர்வில் பார்த்து எழுதினானா என்பதை அவன் ஐயமின்றி அறிவான். தொழில்தோறும் எழுதிய அச்சிறு விதிகளே அவ்வியக்கத்தின் உயிர் என்பது எம் துணிபு. அணு என்னும் சொல்லுக்குச் சிறியது என்பதே பொருள். முனிவர்க்குரிய மகாவிரதத்தில் விலக்கு இல்லை. இல்லறத்தார்க்கு அது இயலாது. ஆதலால் இயன்ற அளவைச் சிறிதாக்கி, ஆனால் தெளிவாக வரையறுத்துக் கொள்வது அணுவிரதம்.

வழுக்களே பாடம்

இந்தச் சிறிய விதிகளை அவர் புதிதாகக் கண்டுபிடித்தாரோ எனின், அன்று. திகம்பரர், சுவேதாம்பரர் இருவரும் போற்றும் உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றின் வேர் உள்ளது. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழி வந்த நம் அருங்கலச்செப்பும் இவற்றைப் பேசுகின்றன. ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. விரதத்தை அடியோடு முறிக்காமல், அதன் விளிம்பில் நின்று வழுவுதலே அதிசாரம். (மருத்துவர் வழங்கும் அதிசாரம் வேறு. வகுப்பில் இச்சொல்லைக் கூறினால் சிரிப்பே மிஞ்சும் என்பதால் சுவடியில் 'வழு' என்றே எழுதினோம்.)

தருமபாடசாலையில் இவற்றை யாம் சிறுமியாக இருந்தபோதே ஒப்பித்திருக்கிறோம். ஐந்தைந்தாக இருபத்தைந்தையும் மூச்சு விடாமல் கூறிப் பரிசும் பெற்றோம். அம்மாணவியின் கேள்விக்குப் பின்னர், எழுபதைக் கடந்த வயதில், அவற்றை மீண்டும் எடுத்து, ஆகமமாகக் கருதாமல் ஒரு சாதாரண மனிதர்க்கு எழுதிய குறிப்பாக எண்ணிப் படித்தோம். ஒரு வரியில்கூட ஆன்மாவும் இல்லை, வினையும் இல்லை, வீடுபேறும் இல்லை. செய்யத் தகாத செயல்கள் மட்டுமே உள்ளன.

கொல்லாமைக்குரிய ஐந்தைக் காண்க: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் ஒன்றும் கொலை அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். மாடு வைத்திருப்போனுக்கும் வேலையாள் வைத்திருப்போனுக்கும் கூறியவை. இன்று நம் வீட்டில் மாடு இல்லை. ஆனால் சுமை இருக்கிறது. 1993 இல் யஷ்பால் குழு தந்த அறிக்கை பள்ளிப் பிள்ளைகளின் சுமையைப் பற்றியதே. புத்தகப் பையின் எடையைவிட, விளங்காமல் படிக்க நேரும் சுமையே கொடிது என்று அது கூறியது. அடித்தலும் அவ்வாறே. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மன வதையையும் விலக்கியது. சட்டம் பிற்காலத்தில் வந்தடைந்த இடத்தில் அச்சூத்திரம் முன்னரே நின்றிருந்தது.

ஐந்தாவது வழுவைப் படித்தபோது யாம் மேலே செல்ல இயலவில்லை.

சத்துணவுத் திட்டம் 1982 சூலையில் தொடங்கியது. அதற்கு இரண்டொரு ஆண்டுகளுக்குப் பின் யாம் தொடக்கப்பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை. வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்த மூவரை, செய்து முடித்த பின்னரே எழவேண்டும் என்று நண்பகல் இடைவேளையில் நிறுத்தி வைத்தோம். இருவர் விரைவில் முடித்தனர். மூன்றாம் சிறுமிக்கு வகுத்தல் வரவில்லை. அவள் முடித்துச் சென்றபோது சத்துணவுக் கூடத்தில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தனர். வீட்டிலிருந்து அவள் ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவர இயன்ற வீடும் அன்று. பிற்பகல் வகுப்பில் தலையைப் பலகையில் சாய்த்துக்கொண்டாள். அதற்கும் கடிந்துகொண்டோம். சமையற்கார அம்மாள் மாலையில் கூறிய பின்னரே செய்தி தெரிந்தது. கண்டிப்பான ஆசிரியை என்று பெயர் எடுத்திருந்த காலம். அதனைப் பெரிதாகக் கருதவில்லை. வீடு திரும்பி, நியமப்படி கதிரவன் சாய்வதற்கு முன் உணவருந்தினோம். தண்ணீரை வடிகட்டிப் பருகினோம்.

கிழங்கு உண்ணாமலும் இரவில் உண்ணாமலும் வாழ்ந்த எமக்கு, முதல் விரதத்தின் ஐந்தாம் வழுவை அன்று நண்பகலில் செய்தோம் என்பது நாற்பது ஆண்டுகள் வரை தோன்றவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த வரிதான். சமயச் சொற்களை நீக்கிவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்குமாறு "எவருக்கும் சோறும் தண்ணீரும் தடுக்காதே" என்று எழுதியபோதே அவ்வரி எம்மை நோக்கித் திரும்பியது. நாத்தனாருக்கு யாம் கூறிய விடையும் இதுவே. பெயரை நீக்கியதால் நெறி தொலையவில்லை. எம் கண்ணுக்குப் புலப்பட்டது.

பொய்யாமையின் வழுக்களைப் பிள்ளைகள் மிக விரும்பினர். பொய்யான அறிவுரை தருதல், பிறர் மறைவில் நிகழ்ந்ததை வெளியிடல், பொய் ஆவணம் எழுதல், அடைக்கலப் பொருளைக் குறைத்துத் தருதல், பிறர் குறிப்பை உணர்ந்து அவர்தம் மறையைப் பரப்புதல். பொய் ஆவணம் என்றதும் முன்னேற்ற அட்டையில் தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுதல் என்று ஒரு மாணவன் கூற, வகுப்பே நகைத்தது. மறை பரப்புதல் என்றால் தோழி தனக்கு மட்டும் அனுப்பிய வாட்சப் செய்தியைப் படமெடுத்துப் பிறர்க்கு அனுப்புதல் என்று அவர்களே பொருள் கண்டனர். அடைக்கலப் பொருள் பற்றி ஒரு நுட்பம் உண்டு. கொடுத்து வைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்டால், கேட்டதை மட்டும் தந்துவிட்டு வாளாவிருத்தலும் வழுவே என்று உரையாசிரியர் கூறுவர். கடைக்காரர் மிகுதியாகத் தந்த சில்லறையை வைத்துக்கொள்ளலாமா என்ற வாதம் இதனால் எழுந்து, மணியடித்த பின்னும் நீண்டது.

கள்ளாமைக்குக் கள்வனை ஏவுதல், களவுப்பொருள் வாங்குதல், நாட்டின் சட்டத்தை மீறுதல், நிறையிலும் அளவிலும் ஏமாற்றுதல், கலப்படம் செய்தல் என ஐந்து. நம்முள் வணிகர் பலர். இவற்றிற்கு விளக்கம் வேண்டுவதில்லை. பிறர்மனை நயவாமையை அவ்வயதுக்கு ஏற்ப, பிறர் உடலையும் படத்தையும் அவர் இசைவின்றி அணுகாமை என்று இரண்டு வரியில் எழுதி நிறுத்தினோம்.

பொருள் வரைதலே இக்காலப் பிள்ளைகளுக்கு மிக வேண்டியது என்று கருதுகின்றோம். அதன் சிறப்பு, அளவைப் பிறர் விதிப்பதில்லை. இத்தனை என்று தானே வரைந்துகொள்கிறான். பின் அதனை மீறாமல் இருக்கிறான். குணவிரதங்களுள் தேசவிரதம் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் எல்லை வகுத்துக்கொள்வது. இவ்விரண்டையும் சேர்த்து, "இந்த ஒரு கிழமைக்கு நாளொன்றுக்கு எத்தனை நிமிடம் கைப்பேசி பார்ப்பேன்? நானே எழுதுகிறேன்" என்று ஒரு கட்டம் வரைந்தோம். ஒரு மாணவன் 300 நிமிடம் என எழுதினான். ஆசிரியர்கள் சிரித்தனர். எழுதியபடி இருந்தால் அதுவும் விரதமே என்று யாம் கூறினோம். மறு கிழமை அவனே 200 ஆக்கினான்.

கவனமின்மையும் கொலையே

கொல்லாமைக்கு விளக்கமாக ஒரு நிகழ்ச்சியைச் சேர்த்தோம். அப்பிள்ளைகள் யாவரும் அறிந்தது. மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதை யானைகள் கடக்கும் காட்டின் வழியே செல்கிறது. 2021 நவம்பர் 26 அன்று இரவில் நவக்கரை அருகே மங்களூர் - சென்னை தொடர்வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. கொல்ல எண்ணியவர் எவருமில்லை. பின்னர் 2024 பிப்ரவரியில் அப்பாதையோரம் 12 கோபுரங்களில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வனத்துறை நிறுவியது. யானை பாதையை நெருங்கினால் உடனே செய்தி சென்று, வண்டியின் விரைவு குறைக்கப்படுகிறது.

உமாஸ்வாமிகள் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில் பிரமாதம் என்னும் சொல்லை முன்வைக்கின்றார். விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிரை நீக்குதல் ஹிம்சை. முனிவர் மயிற்பீலியால் நிலத்தை வருடி அமர்வதற்கும், கோபுரத்தின் மேல் ஒரு கேமரா இரவெல்லாம் விழித்திருப்பதற்கும் உள்ள தொலைவு குறைவே. சுவடியில் முனிவரைப் பற்றி எழுதவில்லை. யானையைப் பற்றி மட்டும் எழுதி, "இன்று உன் கவனமின்மையால் எவருக்குத் துன்பம் நேர்ந்தது?" என்று கேட்டோம்.

விடுத்தவையும் விட மனமில்லாதவையும்

இரவுண்ணாமை, கிழங்கு தவிர்த்தல், நீர் வடித்தல் ஆகியவற்றை எளிதில் விட்டோம். அவை நம் இல்லங்களில் நிலைக்கட்டும்.

புலால் மறுத்தலை விடுவதுதான் அரிதாயிற்று. அவ்வகுப்பில் பெரும்பாலான வீடுகளில் ஞாயிறுதோறும் இறைச்சி சமைப்பர். உண்ணாதே என்று அச்சிட்டுத் தந்தால், பிள்ளை தன் தாயைப் பாவியென நினைக்கவேண்டும். அல்லது சுவடியை மூடிவைக்க வேண்டும். வள்ளுவர் பிறனில் விழையாமையை இல்லறவியலிலும், புலால் மறுத்தல், கள்ளாமை, வாய்மை, கொல்லாமை ஆகியவற்றைத் துறவறவியலிலும் வைத்தார். கள்ளாமையும் வாய்மையும் இல்லறத்தார்க்கு விலக்கு என எவரும் கூறாமையால், இவ்வைப்புமுறையைக் காட்டித் தப்பித்துக்கொள்ள எம்மால் இயலவில்லை. எனினும் விட்டோம். "விளையாட்டுக்காக எந்த உயிரையும் துன்புறுத்தாதே, பயனின்றி இலையைக் கிள்ளாதே, நீரைக் கொட்டாதே" என்பது வரை எழுதி நின்றோம். பின்னது அனர்த்த தண்டத்தைத் தவிர்க்கும் குணவிரதத்திலிருந்து எடுத்தது. இம்முடிவில் எம் மனம் இன்னும் அமைதியடையவில்லை. வாசகர் இதழுக்கு எழுதினால் மகிழ்வோம்.

ஏன் இவ்வாறு வாழவேண்டும் என்ற வினாவுக்கு நாம் வினையையும் பிறவியையும் விடையாகக் கூறுவோம். சுவடியில் கூற இயன்றது ஒன்றே: துன்பம் எனக்கு இனியதன்று, பிறர்க்கும் அவ்வாறே. நம் விடையின் ஆழம் அதில் இல்லை என்பதை அறிவோம். அறச்செயலைத் தொடங்குவதற்கு அது போதும்; துன்பம் வந்துழி உறுதி தளராமல் நிற்பதற்குப் போதுமா என்பது ஐயமே. அந்த வலிமையை அவரவர் தம் வீட்டுச் சமயத்திலிருந்து பெறட்டும் என்று விட்டோம்.

ஆனால் பிரதிக்கிரமணத்தை விடவில்லை. செய்த பிழையைக் காலம் வகுத்து எண்ணிப்பார்த்து மீளும் அப்பழக்கம் இல்லையெனில் விரதங்கள் சுவரொட்டியாகிவிடும். சுவடியின் இறுதி நான்கு பக்கங்களை வெற்றாக விட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அவ்வாரத்து வழுக்களை எழுதச் சொன்னோம். இதில் எமக்கும் தலைமையாசிரியைக்கும் கருத்து மாறுபாடு எழுந்தது. அப்பக்கங்களைத் திருத்தி மதிப்பெண் இடவேண்டும், இல்லையெனில் பிள்ளைகள் எழுதமாட்டார்கள் என்றார் அவர். ஆசிரியர் படிப்பார் என்று தெரிந்தால் பிள்ளைகள் பொய் எழுதுவர். பொய்யாமைச் சுவடியே பொய் ஆவணமாகும் என்றோம் யாம். இரண்டு நாள் கழித்து இசைந்தார். எத்தனை பேர் எழுதுகின்றனர் என்பது எவருக்கும் தெரியாது. அது அவ்வாறே இருக்கட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் நாளில் அவர் மீண்டும் வந்தார். "அம்மா, பிள்ளைகளுக்கு மட்டும் எழுதினால் எப்படி? எங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும்" என்றார். அணுவிரத இயக்கத்தில் ஆசிரியர்க்கும் உறுதிமொழி உண்டென்பதை அவரிடம் கூறியிருந்தோம். அன்றிரவே முதல் பக்கத்திற்கு முன் ஒரு பக்கம் சேர்த்தோம். அதில் முதல் வரி: "உணவு மணி அடித்தபின் எக்காரணம் பற்றியும் ஒரு பிள்ளையையும் வகுப்பில் நிறுத்தி வைக்கமாட்டேன்."